பின்பக்கமாய் ஏறிய வண்டி

ஸ்ட்ரெச்சர் லாரிக் கதவின் உயரத்துக்கு எட்டவில்லை. வார்டு ஆட்கள் இரண்டு பேர் நெஞ்சு வரை தூக்கிப் பிடித்தும் சீட் இன்னும் ஒரு சாண் மேலேயே இருந்தது.

"தலைப் பக்கத்தை உசத்துங்க," என்றாள் படுத்திருந்தவள். "நான் என்ன கண்ணாடி லோடா? உடைய மாட்டேன். உசத்துங்க."

அவள் புருஷன் டெய்லர் மறுபக்கக் கதவு வழியாக ஏறி, சீட்டில் மண்டியிட்டு, அவள் அக்குளில் கை கொடுத்து இழுத்தார். பெரிய துணிக்கட்டைத் தூக்கப் போகிறோம் என்று மூச்சைப் பிடித்து இழுத்தவர், ஒன்றுமில்லாததை இழுத்தவர் போலப் பின்னால் சாய்ந்து ஸ்டியரிங்கில் முதுகை இடித்துக்கொண்டார்.

"பார்த்து," என்றாள் அவள். "காலி வண்டிக்கு இவ்வளவு ஆக்சிலேட்டர் கொடுக்கக் கூடாது."

வார்டு ஆட்களில் ஒருவன் சிரித்துவிட்டான். ஆஸ்பத்திரிப் படியில் நின்றிருந்த அவளுடைய அண்ணன் சிரிக்கவில்லை. இரும்புக் கடைக்காரர், கடைக்குப் போகிற நாளானாலும் சாவு வீட்டுக்குப் போகிற நாளானாலும் வெள்ளைச் சட்டைதான். கையில் கார் சாவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாப்ளே, நீங்களாவது சொல்லக் கூடாதா? டாக்டர் என்ன சொன்னார்னு காதுல விழுந்துதுல்ல? இன்னைக்கோ நாளைக்கோன்னுட்டார். மழையில மேட்டு ரோடு பாதி கரைஞ்சு கிடக்கு. ஆம்புலன்ஸ்காரனே வர மாட்டேன்னுட்டான். என் வீடு கீழதானே இருக்கு? வாசல் வரைக்கும் கார் போகும். ரூம் ஒழிச்சு வெச்சாச்சு."

டெய்லர் தலையணையை அவள் முதுகுக்குக் கொடுத்து, போர்வையை நாலாக மடித்து இடுப்பைச் சுற்றி, சீட்டோடு சேர்த்துக் கட்டினார்.

"அண்ணா," என்றாள் அவள். "உன் வாசல்ல என் வண்டியை நிறுத்த விடல நீ. இப்ப என்னை மட்டும் நிறுத்தணுமா?"

"அது எந்தக் காலத்துக் கதை…"

"வண்டி அதேதான். நானும் அதேதான். ஏறி உக்காருங்க, போலாம்." கடைசிச் சொல் புருஷனுக்கு. வெளி ஆட்கள் முன்னால் அவரை 'நீங்க' என்பாள். கதவைச் சாத்திவிட்டால் 'நீ' தான். வண்டிக்குள் மரியாதைக்கு இடம் கிடையாது, கியர் போடவே இடம் போதவில்லை என்பாள்.

அவளை ஊரே டிரைவரம்மா என்றுதான் கூப்பிட்டது. கல்குவாரி மூடினபோது ஏலத்துக்கு வந்த பழைய நாலு சக்கர இழுப்பு லாரியை, அண்ணன் வேண்டாம் என்று குதித்ததையும் மீறி எடுத்தவள். மற்ற லாரிகள் திரும்பிவிடுகிற இடத்திலிருந்துதான் அவளுடைய வண்டிக்கு வேலை ஆரம்பிக்கும். ஆற்று மணல், கிணற்று உறை, மேட்டுக் காடுகளுக்கு மாட்டுத் தீவனம். "என் வாசல்ல லாரி நிக்கக் கூடாது, அதுவும் பொம்பளை ஓட்டற லாரி" என்று அண்ணன் சொன்ன மறுமாதம், அவர் வீட்டுக்கு நேர் மேலே, யாரும் சீண்டாத மேட்டில் ஒரு துண்டு நிலத்தைப் பிடித்தாள். வீட்டுக்கு வேண்டிய கல் முழுக்க அவளே ஏற்றிக் கொண்டுபோய் இறக்கினாள். தினம் காலையில் அந்த லாரி முதல் கியரில் உறுமிக்கொண்டு அண்ணன் வீட்டு ஜன்னலை ஒட்டித்தான் இறங்கும். வழி அது ஒன்றுதான் என்பாள். அது நிஜமும்கூட.

டெய்லருக்குக் கடைத்தெருவில் தையல் கடை. வேலை இல்லாத நாளில் அவளோடு கிளீனராகப் போவார். 'டிரைவரம்மா புருஷன்' என்று முதுகுக்குப் பின்னால் சொல்வார்கள். முகத்துக்கு நேரேயும் சொல்வார்கள். அவருக்கு அது வசவாகத் தோன்றியதே இல்லை. சமவெளியில் ஓட்டுவார். மேட்டு அடிவாரம் வந்ததும் இறங்கி, சீட்டை அவளுக்கு விட்டுவிடுவார். அந்த ஏற்றத்தை அவர் ஒருமுறைகூட ஓட்டியதில்லை.

ஆஸ்பத்திரிக்கு வந்தபோதும் அவள்தான் ஓட்டி வந்தாள். வயிற்றை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மேட்டிலிருந்து இறக்கி, டவுன் வரைக்கும். வாசலில் வண்டியை ஒழுங்காக ஓரம் கட்டி, சாவியைப் பிடுங்கி இவர் கையில் கொடுத்த பிறகுதான் கீழே உட்கார்ந்தாள்.

நர்ஸ் வந்து வலிக்கு ஊசி போட்டு, இன்னொன்றைப் பஞ்சில் சுற்றி டெய்லர் சட்டைப் பையில் வைத்தாள். "தாங்க முடியலன்னா போடுங்க," என்றாள். பிறகு யாரும் கேட்காமலே ஜன்னல் வழியாகக் கை நீட்டி டிரைவரம்மாவின் தோளைத் தொட்டாள். "போய்ட்டு வாங்க."

"வர மாட்டேன்," என்றாள் டிரைவரம்மா. "ஆனா போறேன்."

*

ஆஸ்பத்திரி கேட்டைத் தாண்டிச் சாலையில் திரும்பியதும், வண்டிக்குக் கீழே எங்கேயோ குருவி கத்தியது. கீச், கீச், கீச். வண்டி மெதுவாகப் போகிறவரை கத்தியது. வேகம் எடுத்ததும் சத்தம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு காணாமல் போயிற்று.

கண்ணை மூடியிருந்தவள் திறந்தாள்.

"இது எப்பலேர்ந்து?"

"நீ படுத்த நாள்லேர்ந்து."

"ஏன் சொல்லல?"

"படுத்துக் கிடக்கறவகிட்ட இதையெல்லாமா சொல்றது?"

"வேற எதைச் சொல்லுவாங்களாம்? வர்றவங்க எல்லாம் திராட்சையைக் கொடுத்துட்டு மூஞ்சியைப் பார்த்துட்டுப் போறாங்க. நீயாவது இதைச் சொல்லியிருந்தா படுத்துக்கிட்டே யோசிச்சிருப்பேன்." ஜன்னல் பக்கம் தலையைத் திருப்பிக்கொண்டாள். கொஞ்ச நேரம் வெளிக்காற்று அவள் முகத்தில் பட்டது. "வேகமாப் போனா?"

"அறுபதைத் தொட்டா ஆடுது. உங்கண்ணன் டயர்னார். பஞ்சர் கடைக்காரனும் டயர்னான். முன்னாடி இருந்ததைப் பின்னாடி மாத்திப் போட்டுப் பார்த்தேன். அப்படியேதான் இருக்கு."

"அறுபது போ."

"இப்பவா?"

"நான் என்ன பிள்ளைத்தாச்சியா? போ."

சாலை நேராக இருந்தது. இரண்டு பக்கமும் மரம் அறுக்கும் பட்டறைகள். டெய்லர் கண்ணாடியில் பார்த்தார். மச்சானின் கார் பின்னாலேயே வந்துகொண்டிருந்தது. மெல்ல அழுத்தினார். முள் அறுபதுக்கு வந்ததும் வண்டியின் அடிவயிற்றிலிருந்து ஒரு அதிர்வு கிளம்பி, தரைத் தகட்டின் வழியாகக் காலுக்கும் சீட்டின் வழியாக முதுகுக்கும் ஏறியது.

அவள் உள்ளங்கையைச் சீட்டின் மேல் பரப்பி வைத்திருந்தாள். நரம்பு தெரியும் அந்தக் கை, காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றியில் வைத்தது போல இருந்தது.

"ஸ்டியரிங் ஆடுதா?"

"இல்ல."

"டயரா இருந்தா தொட்டில் மாதிரி ஆட்டும். இது தேனீக் கூடு மாதிரி இரையுது. சக்கரத்தைவிட வேகமா எதுவோ சுத்துது. கிளச்சை மிதி. வண்டி அப்படியே உருளட்டும்."

மிதித்தார். இஞ்சின் சத்தம் இறங்கி முனகலாயிற்று. அதிர்வு மட்டும் இறங்காமல், வண்டி வேகம் குறையக் குறைய மெல்லத்தான் அடங்கியது.

"இஞ்சினுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல," என்றாள். குரலில் கொஞ்சம் உயிர் ஊறியிருந்தது. "ஷாஃப்ட்தான். முன்னாடி ஷாஃப்ட்டா, பின்னாடி ஷாஃப்ட்டா, அதான் கேள்வி. நான் சொல்றேன், முன்னாடிதான். பந்தயம் வெச்சுக்கலாமா?"

"பந்தயம் வைக்க உன்கிட்ட என்ன இருக்கு?" என்று கேட்டுவிட்டு டெய்லர் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"இன்னைக்கு முழுசா இருக்கே," என்றாள் அவள்.

இழுப்பை முன் சக்கரத்துக்கு ஒன்றும் பின் சக்கரத்துக்கு ஒன்றுமாகக் கொண்டுபோகும் நீளக் குழாய்கள் அந்த ஷாஃப்ட்கள். முன் சக்கரத்தின் நடுவில் இருக்கும் லாக்கைத் திருப்பிவிட்டால் முன் ஷாஃப்ட் சுற்றாமல் சும்மா கிடக்கும். மேட்டிலிருந்து இறங்கும்போது அவள் போட்ட லாக் இன்னும் அப்படியேதான் இருந்தது; அவருக்கு அதைத் தொடத் தோன்றவில்லை. இப்போது ஓரம் கட்டி இறங்கி, இரண்டு பக்கமும் விடுவித்துவிட்டு வந்து ஏறினார். கியர் போட்டு நகர்த்தும்போது கீழே 'டங்' என்று ஒரு அடி விழுந்தது. குருவி கத்தியது. அறுபதில் தேனீ வந்தது.

"தோத்துட்டேன்," என்றாள். தோற்றவள் முகமாக இல்லை அது. "பின்னாடிதான். அந்த 'டங்' இருக்கே, அதுதான் காட்டிக்கொடுத்துச்சு. நிறுத்து. உள்ள போய்ப் பாரு."

*

எடை போடும் நிலையம் ஒன்று மூடிக் கிடந்தது. அதன் சிமெண்ட் தரையில் வண்டியை நிறுத்தினார். சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் செங்கல் வைத்தார். கார் வந்து நின்றது. மச்சான் கதவைக்கூடச் சாத்தாமல் ஓடிவந்தார்.

"என்ன ஆச்சு? என்ன ஆச்சு அவளுக்கு?"

"எனக்கு ஒண்ணும் ஆகல," என்று ஜன்னலிலிருந்து பதில் வந்தது. "வண்டி என்னமோ சொல்லுது. கேட்டுட்டிருக்கோம்."

"உசுரு போற நேரத்துல வண்டி ரிப்பேரா?"

"போற வரைக்கும் இருக்குல்ல."

மச்சான் டெய்லரைப் பார்த்தார். டெய்லர் சட்டையைக் கழற்றி மடித்து, சட்டைப் பையிலிருந்த ஊசி கீழே விழாதபடி பார்த்து அவர் கையில் கொடுத்துவிட்டு, கோணியை விரித்து வண்டிக்கு அடியில் புகுந்தார்.

அடியில் இருந்து பார்த்தால் தரைத் தகட்டின் ஓட்டை வழியாக அவள் பாதம் தெரிந்தது. வீங்கிய பாதம். அதைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"பிடிச்சிருக்கேன். என்ன செய்யணும்?"

"நியூட்ரல்லதானே இருக்கு? ரெண்டு கையாலயும் பிடிச்சு முறுக்கு. ஈரத் துணி பிழியற மாதிரி. முதல்ல முன் முனை."

முறுக்கினார். அசையவில்லை.

"பின் முனை."

முறுக்கியதும் விரலுக்குள் 'கடக்' என்றது. மறுபக்கம் முறுக்கினால் மறுபடியும் 'கடக்'. குழாயும் அதைப் பிடித்திருந்த கவையும் தனித்தனியே அசைந்தன. நடுவே சிலுவை போல நின்ற 'கிராஸ்' துண்டின் ஒரு மூடியைச் சுற்றி எதுவோ ஒட்டியிருந்தது. விரலால் வழித்தார்.

"செங்கல் பொடி மாதிரி இருக்கு. சிவப்பா."

மேலே சத்தமில்லை. அவர் அவள் பாதத்தைப் பார்த்தார். பெருவிரல் அசைந்தது.

"அது துரு," என்றாள். "அந்த மூடிக்குள்ள வரிசையா ஊசி நிக்கும். மெல்லிசு ஊசி. கிரீஸ் வத்திப்போய் ஊசியெல்லாம் அரைபட்டுப் பொடியாயிடுச்சு. உன் தொழில்தான். ஊசி போச்சு, சத்தம் வந்துச்சு."

"நான் கிரீஸ் அடிச்சிருக்கணும்."

"நான்தான் அடிச்சிருக்கணும். என் வண்டி. அதைப் பேசி என்ன ஆகப்போகுது? கழட்டு."

"எதை?"

"ஷாஃப்டை. இப்படியே ஓட்டினா வழியில அறுந்து தொங்கும், ரோட்டுல குத்தும், வண்டியைப் புரட்டிப் போட்டுடும். கழட்டிப் பின்னாடி போடு. முன் சக்கரத்து லாக்கைப் போட்டுக்கிட்டு, முன் இழுப்புல மட்டும் போலாம்."

மச்சான் குனிந்தார். "எதுக்கும்மா இவ்வளவு பாடு? என் கார்ல ஏத்திக்கலாம். இருபது நிமிஷத்துல வீட்டுல இருக்கலாம்."

"யார் வீட்டுல?"

மச்சான் நிமிர்ந்து காரைப் பார்த்தார்.

"உன் கார் என் வீடு வரைக்கும் ஏறுமா அண்ணா?"

"ஏறாது."

"அப்ப அந்தப் பதினேழாம் நம்பர் ஸ்பானரை எடுத்து உன் மாப்பிள்ளை கையில கொடு. சீட்டுக்குப் பின்னாடி இருக்கு."

இரும்புக் கடைக்காரர் ஸ்பானர் எடுத்துக் கொடுத்தார். போல்ட்கள் இறுகியிருந்தன. முதல் போல்ட்டுக்கே டெய்லரின் கையில் தோல் உரிந்தது. துணி வெட்டிப் பழகிய கை. நுணுக்கம் தெரியும், முரட்டுத்தனம் தெரியாது. ஸ்பானரின் வாலில் ஒரு இரும்புக் குழாயைச் செருகச் சொன்னாள். செருகிக் காலால் மிதித்தார். மிதிக்க மிதிக்க, டாக்டர் ஃபைலை மூடி வைத்த விதம், திராட்சை கொண்டுவந்தவர்கள் தன்னைப் பார்த்து 'இனி நீங்க எங்க இருப்பீங்க?' என்று கேட்ட விதம், எல்லாம் அந்த ஸ்பானரின் வாலில் வந்து உட்கார்ந்தன. ஓங்கி மிதித்தார். கீச்சென்று அலறிவிட்டு போல்ட் இளகியது.

கடைசி போல்ட்டைக் கழற்றியதும் ஷாஃப்ட் தொப்பென்று அவர் நெஞ்சில் இறங்கியது. அதை அணைத்துக்கொண்டே வெளியே உருண்டு வந்தார். மச்சான் ஒரு முனையைப் பிடித்தார். வெள்ளைச் சட்டையில் கிரீஸ் கோடு விழுந்தது. இருவருமாகப் பின்னால் தூக்கிப் போட்டார்கள்.

முன் சக்கரத்து லாக்கை இரண்டு பக்கமும் போட்டுவிட்டு டெய்லர் ஏறி உட்கார்ந்தபோது அவள் முகம் வெளுத்திருந்தது. மேலுதட்டில் வியர்வை.

"வலிக்குதா? ஊசி போடவா?"

"போட்டா தூங்கிடுவேன். உனக்கு ஏத்தத்தை யார் சொல்றது?" மூச்சு வாங்கிக்கொண்டாள். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் தனியாக வாங்க வேண்டியிருந்தது. "கேளு. பின் சக்கரம் இப்ப சும்மா உருளும். முன் சக்கரம் மட்டும்தான் இழுக்கும். நேரா ஏறினா பாரமெல்லாம் பின்னாடி போயிடும். முன் சக்கரம் மண்ணைப் பறிச்சுக்கிட்டு நிக்கும். அதனால அடியிலயே திருப்பிக்கோ. ரிவர்ஸ்ல ஏறு. அப்ப முன் சக்கரம் கீழ்ப் பக்கம் இருக்கும். வண்டியோட பாரம் அது மேல உக்காரும். பிடிச்சுக்கும்."

"அந்த ஏத்தத்துல நான் நேராகூட ஓட்டினதில்லையே."

"நேரா ஓட்டிப் பழகினவனுக்குத்தான் ரிவர்ஸ் கஷ்டம். உனக்கு ரெண்டும் ஒண்ணுதான்."

அவருக்குச் சிரிப்பு வந்தது. அவளுக்கும் வந்தது, ஆனால் சிரிக்க மூச்சு இல்லாததால் உதடு மட்டும் விரிந்தது.

"லோ கியர்ல போடு. ஆக்சிலேட்டரை மிதிக்காத. அதுவா ஏறும். வழுக்கினா உடனே நிறுத்திட்டு, கல்லு வெச்சுட்டு, மறுபடி. ஹேண்ட் பிரேக்கை நம்பாத. அது பேருக்குத்தான் இருக்கு."

*

வண்டி கிளம்பியது. குருவி இல்லை. 'டங்' இல்லை. பட்டறைகள் முடிந்து வயல்கள் வந்தன. ஸ்டியரிங் கொஞ்சம் இழுத்தது, அவ்வளவுதான். வேகத்தைக் கூட்டியும் சீட் அசையாமல் இருந்தது.

"இப்பக் கேளு," என்றாள்.

கேட்டார். "என்ன?"

"ஒண்ணும் இல்லல்ல?"

"ஒண்ணும் இல்ல."

"அதான்," என்றாள். கையை மறுபடி சீட்டின் மேல் பரப்பிக்கொண்டாள்.

பாலம் வந்தது. பாலத்துக்கு அப்பால் தண்ணீர் தேங்கி நின்ற பள்ளத்தில் மெல்ல இறக்கி ஏற்றினார். நன்றாகச் செய்தோம் என்று தோன்றியது. "எப்படி?" என்று கேட்டார். பிறகு, "டவுன்ல அந்தக் கிராஸ் கிடைக்குமா, இல்ல தேடித்தான் வாங்கணுமா?" என்றார். எதிரே மாடு ஒன்று குறுக்கே வந்தது. பிரேக் அடித்தார். சீட்டின் மேலிருந்த கை வழுகி, அவர் தொடையில் முட்டி, கீழே தொங்கியது.

வண்டியை நிறுத்தினார். மாடு போயிற்று. புறங்கையை அவள் மூக்கருகே வைத்துக்கொண்டு வெகுநேரம் இருந்தார். தன் கை உதறுகிறதா, காற்று படுகிறதா என்று முதலில் தெரியவில்லை. பிறகு தெரிந்தது.

கண்கள் பாதி திறந்திருந்தன. மூடினார். தொங்கிய கையை எடுத்து மடியில் வைத்தார். தலை ஜன்னல் பக்கம் சாய்ந்திருந்தது. அதை அப்படியே விட்டார். பின்னால் மச்சானின் கார் ஹாரன் அடித்தது. டெய்லர் ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி, வரலாம் என்று காட்டிவிட்டு, முதல் கியரைப் போட்டார். யாரிடமும் எதையும் சொல்ல அவருக்கு இஷ்டமில்லை. இந்த வண்டிக்குள் நடந்தது வண்டிக்குள்ளேயே கொஞ்ச தூரம் வரட்டும் என்றிருந்தது.

*

மச்சான் வீட்டு வாசலில் பந்தல் போட ஆட்கள் வந்திருந்தார்கள். நாற்காலிகள் அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. உயிர் இருக்கும்போதே ஏற்பாடு செய்துவிட்டிருந்தார்கள். டெய்லர் அதைப் பார்த்தார். வாசலைத் தாண்டி, மேட்டு ரோடு பிரிகிற இடத்தில் போய் நிறுத்தினார்.

மச்சான் இறங்கி வந்து ஜன்னலில் எட்டிப் பார்த்தார். பார்த்ததுமே தெரிந்துவிட்டது. அவள் கன்னத்தைத் தொட்டார். "பாப்பா," என்றார். அந்தப் பெயரை அவர் வாயில் டெய்லர் கேட்டு எவ்வளவோ காலம் ஆகியிருந்தது. ஜன்னல் விளிம்பில் நெற்றியை வைத்துக்கொண்டு பெரியவர் குலுங்கினார்.

பந்தல்காரர்களும் மச்சானின் மனைவியும் ஓடிவந்தார்கள். அழுகை எழுந்தது. அது கொஞ்சம் அடங்கியதும் மச்சான் முகத்தைத் துடைத்துக்கொண்டு, எல்லாருக்கும் தெரிந்த ஒன்றைச் சொல்பவர் போலச் சொன்னார்.

"இறக்கிடலாம் மாப்ளே. இனிமே எங்க வெச்சா என்ன? அவளுக்கு ஒண்ணும் தெரியப் போறதில்ல. நாலு பேர் வந்து போக வசதியா இருக்கும்."

"இல்ல மச்சான்."

"என்ன இல்ல?"

"அவ வீடு மேல இருக்கு."

"வீடு இருக்கு. வழி இல்லையே! பாருங்க!"

பார்த்தார். வழியின் ஒரு பக்கத்தை மழை அறுத்துக்கொண்டு போயிருந்தது. மிச்சம் இருந்தது சிவந்த சேறும், பெயர்ந்த கல்லும்.

"வழி அவளுக்கும் தெரியும். தெரிஞ்சுதான் கிளம்பினா."

"உங்களுக்கு ஓட்டத் தெரியுமா இதுல? பின் இழுப்பு வேற இல்ல. உருண்டா ரெண்டு பேரையும் சேர்த்து எடுக்கணும். மனுஷன் பேச்சைக் கேளுங்க. செத்தவங்களுக்காகச் சாகக் கூடாது."

"சாகறதுக்குப் போகல. வீட்டுக்குப் போறேன்."

இத்தனை வருஷத்தில் டெய்லர் அவரிடம் குரல் உயர்த்தியதில்லை. இப்போதும் உயர்த்தவில்லை. வண்டியைச் சுற்றி நடந்து, குனிந்து, முன் சக்கரத்து லாக் சரியாக விழுந்திருக்கிறதா என்று இரண்டு பக்கமும் கை வைத்துப் பார்த்தார். ஏறினார். முன்னும் பின்னுமாக நாலைந்து தரம் அசைத்து வண்டியைத் திருப்பினார். லாரியின் முகம் ஊரைப் பார்த்தது. முதுகு மேட்டைப் பார்த்தது. லோ கியருக்கு நெம்புகோலைத் தள்ளினார். ரிவர்ஸ் போட்டார்.

வண்டி ஏறியது.

ஜன்னலுக்கு வெளியே உடம்பைப் பாதி தள்ளி, பின்னால் பார்த்துக்கொண்டே ஓட்டினார். சக்கரம் கல்லைக் கடித்துக் கடித்து மேலே நகர்ந்தது. அவள் சொன்னது போலவே, பாரம் முன்பக்கம் வந்து உட்கார்ந்ததை ஸ்டியரிங்கில் உணர முடிந்தது. முதல் வளைவு வரை வந்தது. அங்கே வழி கரைந்திருந்தது. இடது சக்கரம் சேற்றில் சுற்ற ஆரம்பித்தது. பயத்தில் மிதித்துவிட்டார். சேறு பிய்த்துக்கொண்டு பறந்தது. வண்டி பக்கவாட்டில் ஒரு அடி வழுகி, இஞ்சின் அணைந்தது.

பிரேக்கை இரண்டு காலாலும் மிதித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இறங்கிக் கல் வைக்கலாமென்றால் காலை எடுக்க முடியாது. எடுத்தால் வண்டி போய்விடும். பக்கத்தில் அவள் கட்டப்பட்டபடி, ஜன்னலோரம் தூங்குகிறவள் மாதிரி இருந்தாள். எல்லா ஏற்றத்திலும் அவள் இந்த டிரைவர் சீட்டில் இருப்பாள், தான் கீழே சக்கரத்தோரம் கல்லோடு ஓடுவோம் என்று நினைத்தார். இப்போது கீழே யாருமில்லை.

முன் கண்ணாடி வழியாக ஊர் தெரிந்தது. மச்சான் வீட்டுக் கூரை, நாற்காலிகள், தலையைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்த ஜனங்கள். அந்தக் கூட்டத்திலிருந்து ஒரு வெள்ளைச் சட்டை பிரிந்தது. வழியோரம் குனிந்து ஒரு கல்லைத் தூக்கியது. தோளில் வைத்தது. ஏற ஆரம்பித்தது.

மச்சானுக்கு மூச்சிரைப்பு உண்டு. நின்று நின்று வந்தார். செருப்பு சேற்றில் போயிற்று, எடுக்கக் குனியவில்லை. வந்து சேர்ந்ததும் பக்கவாட்டில் ஒதுங்கி நின்று, கல்லை முன் சக்கரத்தின் கீழே உருட்டிவிட்டுக் காலால் அழுத்தினார்.

"விடுங்க!" என்றார்.

டெய்லர் பிரேக்கை விட்டார். வண்டி கல்லில் முட்டி நின்றது.

"எப்படிப் போகணும்? சொல்லுங்க. எனக்கு இந்த எழவு ஒண்ணும் தெரியாது."

"பின்னாடி போய் நில்லுங்க மச்சான். பள்ளம் எந்தப் பக்கம்னு மட்டும் சொல்லுங்க. வண்டி நின்னா கல்லு."

மச்சான் பின்னால் போனார். சேற்றுக்குள் தட்டைக் கற்களைப் பொறுக்கிப் போட்டு மிதித்துவிட்டு, கடையில் கணக்குப் பேசிப் பழகிய குரலில் கத்தினார். "வரட்டும்… வரட்டும்… வலப்பக்கம் பள்ளம். இடது பிடிங்க. வரட்டும்."

டெய்லர் இஞ்சினை மறுபடி கிளப்பினார், மிதிக்கவில்லை. கிளச்சை மெல்ல விட்டார். மெஷினில் கனத்த துணியைத் தைக்கும்போது சக்கரத்தைக் கையால் உருட்டுவாரே, அந்த வேகத்தில் விட்டார். சக்கரம் தட்டைக் கல்லைத் தடவியது. பிடித்துக்கொண்டது. வண்டி அங்குலம் அங்குலமாகப் பின்வாங்கி மேலே போயிற்று. ஊர் கண்ணாடியில் சிறுத்துக்கொண்டே வந்தது. நிற்க நிற்கக் கல் வந்தது. கல் வர வர வண்டி ஏறியது. கடைசி வளைவில் மச்சானின் குரல் போய்விட்டது. கையை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்தார்.

வீட்டு முன்னால் சமதரையில் ஏறி நின்றதும் இஞ்சினை அணைத்தார். இருவரும் முடிச்சை அவிழ்த்து, ஆளுக்கொரு பக்கமாகத் தூக்கி, அவள் தன் கையால் கல் சுமந்து கட்டிய வீட்டுக்குள் கொண்டுபோய்க் கட்டிலில் கிடத்தினார்கள்.

*

சாயங்காலத்துக்குள் ஜனங்கள் நடந்தே ஏறி வந்துவிட்டார்கள். மற்ற டிரைவர்கள், மணல் அள்ளுகிறவர்கள், தீவனக் கடைக்காரர், டெய்லரிடம் துணி தைக்கக் கொடுக்கிற பெண்கள். முணுமுணுத்துக்கொண்டுதான் வந்தார்கள். செத்தும் மூச்சு வாங்க வெச்சுட்டா என்றார் ஒருவர். ஆனால் வந்தார்கள்.

உள்ளே பெண்கள் அவளைக் குளிப்பாட்டித் துடைத்திருந்தார்கள். மச்சானின் மனைவி வெளியே வந்து, "புதுத்துணி ஏதாவது எடுத்துக் கொடுங்க. நல்லதா, அவ கல்யாணங்காட்சிக்குக் கட்டினது ஏதாவது," என்றாள்.

டெய்லர் உள்ளே போய், கொடியில் கிடந்த காக்கிச் சட்டையை எடுத்து வந்தார். வண்டி ஓட்டும்போது உடுப்புக்கு மேலே அவள் போட்டுக்கொள்வது. அவர் தைத்தது. ஸ்பானர் வைக்க ஆழமான பை. வெயில் பட்டுத் தோள் வெளுத்திருந்தது.

"இதையா?" என்றாள் மச்சானின் மனைவி. "பார்க்கறவங்க என்ன சொல்லுவாங்க? காலர்கூடக் கிழிஞ்சிருக்கு."

அவர் காலரைப் பார்த்தார். மடிப்பில் தேய்ந்து நூல் நூலாகத்தான் இருந்தது. அடுத்த பக்கம் தேயாமல் புதுசாக இருந்தது.

"இருங்க," என்றார்.

மூலையில் இருந்த பழைய மிதி மெஷினின் மேல் கிடந்ததையெல்லாம் எடுத்துக் கீழே வைத்தார். உட்கார்ந்தார். பிளேடால் காலரின் தையலைப் பிரிக்க ஆரம்பித்தார். பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சாவு வீட்டில் மெஷின் ஓட்டுவார்களா என்று யாரோ தாழ்ந்த குரலில் கேட்டார்கள்.

வாசல்படியில், சேறு காய்ந்த காலோடு உட்கார்ந்திருந்த மச்சான் திரும்பாமலே, குரல் போன தொண்டையால் சொன்னார். "தைக்கட்டும்."

டெய்லர் காலரைத் தனியே எடுத்து, உதறி, தேயாத பக்கம் மேலே வரும்படி திருப்பி வைத்தார். ஓரத்தை நகத்தால் கீறி நேராக்கினார். ஊசியின் காதில் நூல் நுழைய மறுத்தது. எச்சில் தொட்டு மறுபடி நுழைத்தார். பிறகு ஊசியை இறக்கி, கால் வைத்து மிதித்தார்.